மண்ணுக்குள் புதைத்த ஒப்பந்தம்

எண்ணெய்க் கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதுகூட வேறொருவருக்குக் கைமாறலாம். எரிவாயுக் குழாயில் அது நடக்காது. குழாய் எங்கே போய் முடிகிறதோ, அங்கே இருப்பவர்தான் வாங்க வேண்டும். ரஷ்யாவும் சீனாவும் 2014 மே மாதம் ஷாங்காயில் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டதற்குக் காரணம் இதுதான். ஆண்டுக்கு 3,800 கோடி கன மீட்டர் எரிவாயு. மொத்த மதிப்பு சுமார் 40,000 கோடி டாலர் என்று அப்போது சொன்னார்கள். 2019 டிசம்பரில் ‘பவர் ஆஃப் சைபீரியா’ குழாயில் எரிவாயு ஓடத் தொடங்கியது.

கிழக்குச் சைபீரியாவின் யாகூத்தியா பகுதியில் உள்ள சயாந்தா எரிவாயு வயலிலிருந்து ரஷ்யாவின் எல்லை நகரமான பிளகோவேஷ்சென்ஸ்க் வரை சுமார் 2,200 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்துக்கு எரிவாயுவை நகர்த்துவது அழுத்த வேறுபாடு மட்டுமே. 1.42 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் குழாய்க்குள் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 97 மடங்கு அழுத்தம் தாங்கும்படி இதைக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் போகப்போகச் சுவரில் உரசி அழுத்தம் குறையும். குறைந்தால் வாயு விரியும். விரிந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் உராய்வு இன்னும் அதிகமாகும். அதனால்தான் வழியில் கம்ப்ரசர் நிலையங்கள் வைத்து மீண்டும் அழுத்துகிறார்கள்.

அழுத்தினால் வாயு சூடேறும். சைபீரியாவில் இது பெரிய சிக்கல். அங்கே பல இடங்களில் நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. சூடான குழாய் அதை உருக்கினால் மண் இறங்கும், குழாய் வளையும். எனவே அழுத்திய வாயுவைக் குளிரவைத்த பிறகே குழாயில் தொடர்ந்து அனுப்ப வேண்டும்.

சயாந்தா வாயுவில் ஹீலியம் நிறைய. எம்ஆர்ஐ இயந்திரங்களின் காந்தங்களைக் குளிர்விப்பது இந்த ஹீலியம்தான். பிரிக்காமல் விட்டால் அடுப்பு வழியாக வெளியேறி, காற்றில் கலந்து, கடைசியில் விண்வெளிக்கே போய்விடும், திரும்பக் கிடைக்காது. ஸ்வபோத்னி நகருக்கு அருகே இதற்காகவே பிரம்மாண்டமான ஆலை கட்டியிருப்பதை இந்தத் திட்டத்தின் மிக அறிவார்ந்த பகுதியாக நான் கருதுகிறேன். அதில் கலந்திருக்கும் ஈத்தேன் என்ற வாயுவையும் அங்கேயே பிரித்துவிட்டு, பெரும்பாலும் மீத்தேனாக மிஞ்சுவது எல்லையில் ஓடும் அமுர் ஆற்றுக்கு அடியில் குடைந்த சுரங்கம் வழியாகச் சீனாவின் ஹெய்ஹே நகருக்குப் போகிறது. அங்கிருந்து ஷாங்காய் வரை 5,000 கிலோமீட்டருக்கு மேல் சீனக் குழாய்.

இனி விலை. ஐரோப்பாவுக்கு எரிவாயு கொடுத்த மேற்குச் சைபீரிய வயல்களோடு இந்தக் குழாய்க்கு இணைப்பு கிடையாது. ஆகவே சயாந்தா வாயுவை மேற்கே திருப்பிவிட ரஷ்யாவால் முடியாது. சீனாவுக்கோ துர்க்மெனிஸ்தான் குழாய் 2009 முதல் இருக்கிறது. கப்பலில் வரும் திரவ எரிவாயு இருக்கிறது. சொந்த உற்பத்தியும் இருக்கிறது. பேரம் பேசும் பலம் யார் பக்கம் என்பதைக் குழாய்களின் வரைபடமே காட்டிவிடும். மங்கோலியா வழியாக ஆண்டுக்கு 5,000 கோடி கன மீட்டர் கொண்டுபோகும் இரண்டாவது குழாய்க்கு 2025 செப்டம்பரில் ஒப்புதல் ஆவணம் கையெழுத்தானது. விலையைப் பிறகு தனியாகப் பேசிக்கொள்வதாக விட்டுவைத்தார்கள்.