“திடீர்னு குறுக்கே வந்துடுச்சு டாக்டர்”

அடிபட்ட விலங்கைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். வன உயிரின மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் கேட்டுவருகிறேன். சொல்பவர் பொய் சொல்வதில்லை. கை நடுங்கிக்கொண்டிருக்கும், சட்டையில் ரத்தம் ஒட்டியிருக்கும், சிலர் அழுதுகொண்டே நிற்பார்கள். அவர்கள் கண்ணுக்கு அது திடீரென்றுதான் வந்தது. ஆனால் என் மேசையில் கிடக்கும் மான் பெரும்பாலும் சாலையோரத்தில் வெகுநேரம் நின்றோ மேய்ந்தோ இருந்திருக்கும். வண்டியின் வெளிச்சம்தான் அதைப் போய்ச் சேரவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. எதையோ பார்த்து, அது என்னவென்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால் அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். காய்ந்த, நல்ல சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 36 மீட்டர் வேண்டும். மொத்தம் 70 மீட்டர். டிம் லைட்டில் பழுப்பு நிற மான் ஒன்று கண்ணுக்குத் தட்டுப்படுவதே 40 முதல் 60 மீட்டர் தூரத்தில்தான். அதாவது அந்த வேகத்தில் போகிறவர், தான் பார்க்க முடியாத இடத்துக்குள் வண்டியை விட்டுக்கொண்டிருக்கிறார். மழை பெய்திருந்தால் தூரம் இன்னும் நீளும்.

இதையே 60 கி.மீ. வேகத்தில் போட்டால் 45 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 40 கி.மீ. என்றால் 26 மீட்டர் போதும். என்னை உலுக்கியது வேறொரு கணக்கு. 60-இல் வந்தவர் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தில், 80-இல் வந்தவர் இன்னமும் ஏறக்குறைய 65 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பார். ஒருவர் மான் கடந்து போவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார். இன்னொருவர் என்னைத் தேடி வருகிறார். இருவருக்கும் நடுவில் இருந்தது 20 கி.மீ. வேகம்தான்.

“ஹார்ன் அடிச்சேன், அப்படியே நின்னுட்டு இருந்துச்சு” என்றும் சொல்வார்கள். இரவில் நடமாடும் பல விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, இருட்டிலும் பார்க்க உதவுவது அதுதான். ஹெட்லைட் பட்டதும் கண் மின்னுவதும் அதனால்தான். நிலா வெளிச்சத்துக்குப் பழகிய அந்தக் கண்ணில் பிரைட் லைட்டை அடித்தால் அதற்கு எதுவுமே தெரியாது. புரியாத ஆபத்து வந்தால் அசையாமல் நிற்பது மானின் பிறவிக் குணம். புலியிடமிருந்து காப்பாற்றிய பழக்கம் லாரியிடம் உதவுவதில்லை. முன்னால் கண் மின்னுவதைப் பார்த்தால் வேகத்தைக் குறையுங்கள், டிம் போடுங்கள், அது நகர நேரம் கொடுங்கள். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். தாய்க்குப் பின்னால் குட்டி வரும், கூட்டத்துக்குப் பின்னால் பிந்திய ஒன்று வரும். என்னிடம் வந்த குட்டிகளில் பல, அந்த இரண்டாவதாக வந்தவை.

சாலைக்கு அவை ஏன் வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஓரத்துப் புதரை வெட்டினால் அங்கே இளம்புல் தழைக்கும், மான் மேய வரும். லாரியிலிருந்து சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்கு ஆந்தை வரும். பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் தாரின் சூட்டுக்காக இரவில் பாம்பு வந்து படுக்கும். முதல் மழையில் தவளைகள் குளம் தேடிக் கூட்டமாகக் கடக்கும். ஜன்னல் வழியாக நாம் வீசும் பழத்தோலும் பிஸ்கட்டும் குரங்கைச் சாலையிலேயே குடியிருக்க வைத்துவிடும். இரக்கப்பட்டு வீசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து வீசாதீர்கள். வண்டி நின்றால் சாப்பாடு என்று கற்றுக்கொண்ட குரங்கு, நிற்காத வண்டியை நோக்கியும் ஓடும்.

கடைசி நொடியில் என்ன செய்வது? இதைச் சொல்வது எனக்கு எளிதில்லை. ஸ்டீயரிங்கை வெட்டி ஒடிக்காதீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை முழுதாக மிதியுங்கள். மானைக் காப்பாற்ற ஒடித்து, எதிரே வந்த வண்டியிலோ மரத்திலோ மோதினால் மனித உயிர் போகும். இருசக்கர வண்டியில் வருபவருக்குச் சின்ன முயலே போதும், கீழே சாய்க்க. அவருக்குக் குறைந்த வேகத்தை விட்டால் வேறு கவசம் இல்லை. விலங்கை விரட்டும் என்று வண்டி முன்னால் மாட்டும் விசில் கருவிகளை நம்பிக் கேட்பவர்கள் உண்டு. சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அவை விபத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. அதை மாட்டிய தைரியத்தில் வேகமாகப் போவதுதான் அதிலுள்ள ஆபத்து.

மோதிவிட்டது என்றால் முதலில் வண்டியைப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். உங்களுக்கு அடியில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு உடனே வனத்துறைக்கோ அருகிலுள்ள மீட்பு மையத்துக்கோ சொல்லுங்கள். விலங்கின் பக்கத்தில் போய்த் தடவிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் ஆறுதல் சொல்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது, பிடித்துத் தின்னப் போகிறீர்கள் என்றுதான் நினைக்கும். மான் வகை விலங்குகளில் ஒரு கொடுமை உண்டு. அளவு கடந்த பயத்தில் துள்ளித் திமிறும்போது தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எலும்பு முறிவே இல்லாத மான், சுற்றி நின்ற கூட்டத்தின் கூச்சலாலும் செல்போன் வெளிச்சத்தாலும் பயந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். விலகி நிற்பதும் கூட்டத்தை விலக்குவதும்தான் அப்போது செய்யக்கூடிய முதலுதவி.

வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் விலங்குக்கு அது நுரையீரலுக்குள் போகும். குட்டிக்குப் பால் புகட்டவும் வேண்டாம். ஆந்தை போன்ற பறவை அடிபட்டு மலங்க மலங்க விழித்துக்கொண்டிருந்தால், கனமான துணியைப் போர்த்தித் தூக்கி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துக் கொண்டு வரலாம். தலையில் அதிர்ச்சி மட்டும் என்றால் பல ஆந்தைகள் தேறிப் பறந்திருக்கின்றன. நரி, மரநாய், குரங்கு, வௌவால் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். எந்த இடம், எத்தனை மணி, என்ன விலங்கு என்று குறித்துச் சொல்லுங்கள். செத்துவிட்டது என்றாலும் சொல்லுங்கள். “செத்ததுக்கு எதுக்கு டாக்டர் போன்?” என்று கேட்கிறார்கள். மோதல்கள் சாலை முழுக்கச் சீராகப் பரவி நடப்பதில்லை. திரும்பத் திரும்பச் சில இடங்களில்தான் நடக்கின்றன. அந்த இடங்கள் தெரிந்தால்தான் பாலமோ வேலியோ கேட்க முடியும். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்கா வழியே போகும் நெடுஞ்சாலையில் இருபுறமும் வேலி போட்டு, விலங்குகளுக்காக மேம்பாலங்களும் அடிப்பாதைகளும் கட்டிய பிறகு மோதல்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. கரடிகள் அந்தப் பாலங்களை நம்பி ஏறவே சில ஆண்டுகள் ஆயின. அதனால், கட்டி ஒரு வருடத்தில் “பயனில்லை” என்று கைவிடக் கூடாது. இந்தியாவில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலை 44-இல் சாலையையே உயர்த்திக் கட்டி, கீழே வழி விட்டார்கள். அங்கே வைத்த கேமராக்களில் புலிகள் அந்த வழியாக நடந்து போவது பதிவாகியிருக்கிறது. விலங்கு கடக்கும் என்று எச்சரிக்கும் வெறும் பலகைக்கு அவ்வளவு பலம் இல்லை. தினமும் அதே வழியில் போகிறவர் கண்ணுக்கு ஒரு மாதத்தில் அது மறைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் பெரிய பாலம் வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் மையத்துப் பதிவேட்டில் ஒரே வளைவின் பெயர் அடிக்கடி வந்தது. மரநாய், முள்ளம்பன்றி, மறுபடி மரநாய். பகலில் அங்கே போய் நடந்து பார்த்தோம். சாலைக்கு அடியில் ஒரு சிறுபாலம் இருந்தது. குழாயின் வாய் முழுக்க மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்து, மிச்சத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கீழே போக வழியில்லாமல்தான் அவை மேலே ஏறியிருக்கின்றன. சாலைப் பராமரிப்பு ஆட்களிடம் பதிவேட்டைக் காட்டினோம். அடைப்பை எடுத்தார்கள். மழைத் தண்ணீர் ஓடும்போதும் கால் நனையாமல் நடக்க, உள்ளே ஓரமாகக் கல் வைத்து ஒரு திட்டு கட்டினார்கள். இரண்டு பக்கமும் குழாயின் வாயை நோக்கித் திருப்பிவிடுகிற மாதிரி வலை போட்டோம்.

திட்டின் மேல் மணலைப் பரப்பிவிட்டுத் திரும்பினோம். சில நாள் ஒன்றும் இல்லை, எலியின் தடம் மட்டும். பிறகு ஒரு காலையில் குனிந்து டார்ச் அடித்தபோது, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கால் தடங்கள். அவற்றுக்கு நடுவே, முட்கள் தரையில் உரசிப்போன மெல்லிய கோடுகள்.