ஏழடி மெத்தைக்கு எந்த பெட்ஷீட் சரியாக இருக்கும்?

வேலூரில் மெத்தையும் பெட்ஷீட்டும் தைத்துக் கொடுப்பது என் தொழில். போன மாதம் காட்பாடியிலிருந்து ஓர் அம்மா, வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "அண்ணா, கிங் சைஸ்னு கேட்டுத்தான் வாங்கினேன். ஆனா ராத்திரியில எழுந்து எழுந்து கால்மாட்டுல சொருக வேண்டியிருக்கு" என்றார். பையன் ஆறடியைத் தாண்டி வளர்ந்துவிட்டதால் ஏழடிக் கட்டில் செய்திருக்கிறார்கள். "மெத்தை எவ்வளவு கனம்மா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அளந்து, போனில் சொன்னார். நீளம் 84 இஞ்ச், அகலம் 72, கனம் 8.

அந்த 8 இஞ்ச்தான் கணக்கைக் கெடுக்கிறது. பெட்ஷீட் மெத்தையின் மேல் மட்டுமா கிடக்கிறது? தலைமாட்டில் 8 இஞ்ச், கால்மாட்டில் 8 இஞ்ச் இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடியில் சொருகத் துணி. அவர் வாங்கியது 108க்கு 108. நீளத்தில் 84 போனால் மிச்சம் 24. கனத்துக்கு 16 போனால் மிச்சம் 8. ஒரு பக்கத்துக்கு 4 இஞ்ச் சொருகல், புரண்டு படுத்தாலே வெளியே வந்துவிடும். அகலத்திலோ பக்கத்துக்கு 10 இஞ்ச் தாராளமாக இருக்கிறது. அதனால்தான் பக்கவாட்டில் நிற்கிறது, கால்மாட்டில் மட்டும் கழன்றுகொள்கிறது.

நம் வீடுகளில் முன்பு ஆறடிக் கட்டில், மிஞ்சினால் ஆறேகால். அதன்மேல் மெலிசான இலவம்பஞ்சு மெத்தை. எந்த பெட்ஷீட்டை விரித்தாலும் போதும். இப்போது ஆறரை, ஏழு அடி என்று கட்டில் நீள்கிறது, மெத்தை 8, 10 இஞ்ச் என்று உயர்கிறது. பெட்ஷீட் வாங்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

குவீன், கிங் என்ற பெயர்களை நம்பி வாங்காதீர்கள். நம் ஊரில் குவீன் என்றால் அகலம் 60 இஞ்ச், நீளம் 72, 75, 78 என்று எதுவாகவும் இருக்கும். அமெரிக்காவில் அதே குவீன் 60க்கு 80. அங்கே கிங் 76க்கு 80, கலிஃபோர்னியா கிங் 72க்கு 84. நம் ஏழடி மெத்தைக்குப் பொருந்துவது இந்தக் கடைசி அளவுதான். ஆன்லைனில் வாங்கும்போது பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். மேல்படிப்புக்கு அமெரிக்கா போகும் பிள்ளைகளுக்கு இங்கிருந்தே பெட்ஷீட் எடுத்துக் கொடுத்தனுப்பும் பெற்றோர் வருகிறார்கள். அங்கே பல ஹாஸ்டல்களில் ட்வின் எக்ஸ்எல் மெத்தை, 38க்கு 80. நம் 72 இஞ்ச் சிங்கிளுக்குத் தைத்த எலாஸ்டிக் விரிப்பு அதில் ஏறாது. பெட்டி கட்டுவதற்கு முன் ஹாஸ்டல் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுருக்கம். பருத்தித் துணி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று, நான்கு சுருங்குவது சாதாரணம். கைத்தறி என்றால் இன்னும் கூடும். 108 இஞ்சில் நான்கு சதவீதம் என்றால் 4 இஞ்சுக்கு மேல் போய்விடும். அந்த அம்மாவின் பெட்ஷீட்டை இரண்டு முறை துவைத்திருந்தால் சொருகப் பக்கத்துக்கு 2 இஞ்ச்தான் மிஞ்சியிருக்கும். அதனால் ஏழடி மெத்தைக்குத் துணி வெட்டும்போது மூன்று மீட்டருக்குக் குறையாமல் வெட்டுகிறேன். மடிப்புத் தையலும் சுருக்கமும் போக, பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 6 இஞ்ச் சொருகல் நிற்கும்.

எலாஸ்டிக் வைத்த விரிப்பு என்றால், அதன் ஆழம் மெத்தையின் கனத்தைவிட இரண்டு இஞ்சாவது கூடுதலாக இருக்கட்டும். மெத்தைக்கு மேல் இன்னொரு மெல்லிய மெத்தையோ உறையோ போட்டிருந்தால் அதையும் சேர்த்தே அளக்க வேண்டும். காயப்போடுவதும் முக்கியம். நம் ஊர் சித்திரை வெயிலில் நாள் முழுக்க மொட்டைமாடியில் கிடந்தால் எலாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைப்பதும் தவறு. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் முதுகுக்கு அடியில் துணி மடிப்பாகத் திரண்டால், அந்த இடத்தில் தோல் அழுந்திச் சிவந்து புண்ணாக வழி உண்டு. தரையில் தொங்கும் முனையில் கால் மாட்டி வயதானவர்கள் விழக்கூடும். வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று சொன்னால், எத்தனை வேலை இருந்தாலும் டேப்போடு நானே போய் அளந்துவிட்டு வருவேன்.

காட்பாடி அம்மாவைப் புதிதாக வாங்கச் சொல்லவில்லை. அதே நிறத்தில் 12 இஞ்ச் பட்டை ஒன்றை முதலில் நனைத்துக் காயவைத்து, கால்மாட்டு ஓரத்தில் சேர்த்துத் தைத்தேன். தையல் மெத்தையின் மேல் வராமல் விளிம்புக்குக் கீழே இறங்கும்படி அளந்துகொண்டேன். இல்லையென்றால் பையனின் குதிகாலில் உறுத்தும். மறுநாள் போன் செய்து, "விடியவரைக்கும் அசையலைண்ணா" என்றார்.