ரத்தத்தில் ஈஸ்ட்: கல்ச்சருக்கு முன்பே சொல்லும் பரிசோதனை

பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. சுகர் உண்டு. குடலில் ஓட்டை விழுந்து அவசரமாக ஆபரேஷன் செய்து, ஐசியுவில் ஒன்பதாவது நாள். கழுத்தில் சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாய்க்குள் போட்டிருக்கும் குழாய். மூன்றாவது ஆன்டிபயாடிக் ஓடியும் காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தத்தைப் பாட்டிலில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதுதான் ரத்தக் கல்ச்சர். 48 மணி நேரத்தில் 'வளர்ச்சி இல்லை' என்று லேபில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவருடைய மகன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்போ ரத்தத்துல கிருமி இல்லைங்களா மேடம்?" என்று கேட்டார். அந்த முகத்தில் வந்த நிம்மதி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நான்காம் நாள் பாட்டில் பாசிட்டிவ் காட்டியது. ஸ்லைடு போட்டுப் பார்த்தால், மொட்டு விட்ட ஈஸ்ட் செல்கள். கேண்டிடா.

கள் நுரைப்பதும் ஈஸ்ட் வேலைதான், அதுவும் ஒரு பூஞ்சை. கொரோனா சமயத்தில் எல்லோரும் பயந்த கருப்புப் பூஞ்சை வேறு வகை. கேண்டிடா நம் வாயிலும் குடலிலும் தோலிலும் சும்மா குடியிருப்பது. பல நாள் ஆன்டிபயாடிக், வயிற்று ஆபரேஷன், சென்ட்ரல் லைன், ஸ்டீராய்டு, நரம்பு வழி உணவு என்று சேரும்போது அது ரத்தத்துக்குள் இறங்கிவிடுகிறது. எடை குறைந்து பிறந்த குறைமாதக் குழந்தைகளுக்கும் இதே ஆபத்து. பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் இதை ஒன்றும் செய்யாது.

கல்ச்சர் ஏன் தவறவிடுகிறது? ரத்தத்தில் இந்த ஈஸ்ட் பல நேரங்களில் ஒரு மில்லிக்கு ஒன்றுகூட இருப்பதில்லை. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். எனக்கு வருபவற்றில் பலவற்றில் மூன்று மில்லிகூடத் தேறாது. தொற்று வயிற்றுக்குள்ளேயே தங்கியிருந்தால் ரத்தத்தில் அகப்படாமலும் போகலாம். எல்லாம் சேர்த்துப் பார்த்தால், உடலுக்குள் பரவிய கேண்டிடா தொற்றில் பாதியளவைத்தான் ரத்தக் கல்ச்சர் பிடிக்கிறது. மருந்து தள்ளிப்போகப் போக உயிர் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது.

இங்கேதான் மரபணுப் பரிசோதனை, அதாவது பிசிஆர் உதவுகிறது. ஈஸ்ட் வளர்ந்து காட்டும்வரை காத்திருக்காமல், அதன் மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கிறோம். ரைபோசோம் மரபணு ஒவ்வொரு செல்லிலும் பல பிரதிகளாக இருப்பதால், பெரும்பாலும் அதைத்தான் தேடுவோம். நேரடியாக ரத்தத்திலிருந்தே சில மணி நேரத்தில் சொல்லும் முறைகள் உண்டு. அமெரிக்காவில் அப்படி ஒன்றுக்கு 2014-லேயே அனுமதி கிடைத்தது. பாசிட்டிவ் ஆன பாட்டிலிலிருந்து எடுத்துச் செய்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இனத்தின் பெயரே வந்துவிடும். தட்டில் வளர்த்துப் பார்க்க இன்னும் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

பெயர் தெரிவதில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கேண்டிடா குருசி என்ற இனத்துக்கு ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து இயல்பாகவே கேட்காது. 2009-ல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து முதலில் அடையாளம் காணப்பட்ட கேண்டிடா ஆரிஸுக்கும் பெரும்பாலும் கேட்பதில்லை. போதாததற்குக் கட்டில் கம்பியில் ஒட்டிக்கொண்டு அடுத்த நோயாளிக்கும் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அதை மிக அபாயமான பூஞ்சைகளின் வரிசையில் வைத்தது. பழைய கருவிகள் இதை வேறொரு கேண்டிடா என்று மாற்றிச் சொன்னதும் உண்டு.

பிசிஆரிலும் குறைகள் உண்டு. ஈஸ்ட்டின் தடித்த சுவரை உடைத்தால்தான் மரபணு வெளியே வரும். ரத்தம் குறைவாக இருந்தால் இதுவும் தவறவிடும். செத்த ஈஸ்ட்டையும் உயிருள்ளதையும் பிரித்துச் சொல்லாது. எந்த மருந்து கேட்கும் என்பதை முழுமையாக அறியக் கல்ச்சர் வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள் என்பேன்.

கொரோனாவால் ஆர்டிபிசிஆர் நம் மாவட்டங்களுக்கும் வந்தது. ஆனாலும் பூஞ்சைக்கான பரிசோதனைக்குத் தருமபுரியில் எடுத்த ரத்தத்தைத் தொப்பூர் கணவாய் தாண்டி சேலத்துக்கோ, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கமென்றால் பெங்களூருக்கோ அனுப்பியிருக்கிறோம். சனிக்கிழமை மாலை எடுத்த சாம்பிள் திங்கள்வரை கிடந்தால் அந்த வேகத்துக்கு அர்த்தமே இல்லை. இருக்கும் கருவியில் தரம் பார்த்த கிட்டைப் போட்டு, இங்கேயே செய்ய வழி வேண்டும்.

ஐசியுவுக்கு வெளியே காத்திருப்பவர்களுக்கு: ஆன்டிபயாடிக் ஓடியும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால், "பூஞ்சையா இருக்குமா டாக்டர்?" என்று கேளுங்கள். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சளியிலோ சிறுநீரிலோ ஈஸ்ட் என்று வந்தால் பல நேரம் அது சும்மா குடியிருப்பதுதான். ரத்தக் கல்ச்சரில் ஒரே ஒரு பாட்டிலில் வந்தாலும் அலட்சியம் கூடாது.

அந்த அம்மாவுக்கு வந்தது கேண்டிடா ட்ராபிகாலிஸ், நம் நாட்டு ஐசியுக்களில் அதிகம் பார்ப்பது. லைனை எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். ரத்தம் சுத்தமான நாளிலிருந்து 14 நாள் மருந்து; கண்ணுக்குள் பரவியிருக்கிறதா என்று கண் டாக்டரும் பார்த்தார். பரவவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் ஊருக்குப் போனார்.