திரும்பிப் போக வழியில்லாத வைரஸ்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் தங்கச்சியின் மகளைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போயிருந்தேன். மிட்வைஃப் மிஸ் போலியோ மருந்து இரண்டு சொட்டு விட்டார். பிள்ளை அதை என் தோளில் துப்பிவிட்டது. மிஸ் சலிக்காமல் மறுபடி விட்டார்.

என் சட்டையில் வழிந்தது உயிருள்ள வைரஸ். ஆனால் நோஞ்சான். 1950களில் ஆல்பர்ட் சேபின் குரங்குக் கலங்களில் வைரஸைத் திரும்பத் திரும்ப வளர்த்து, வலு குன்றியதைப் பொறுக்கி எடுத்தார். அதன் மரபுச் செய்தியில் எந்த எழுத்து மாறி அது நோஞ்சானானது என்று அன்று பார்க்க வழியில்லை.

பிறகு வாசித்துப் பார்த்தார்கள். போலியோவின் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ என்ற இழையில் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 7,500 எழுத்துகள்; ஏ, யு, ஜி, சி என்று நான்கே வகை. போலியோ வைரஸிலும் மூன்று வகை உண்டு. இரண்டாம் வகை மருந்தில் முக்கியமான மாற்றம் 481ஆம் இடத்தில்: ஜி இருந்த இடத்தில் ஏ. இழை அங்கே மடிந்து தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். அந்த மடிப்பைப் பிடித்துத்தான் கலத்தின் புரத ஆலை வேலையைத் தொடங்கும். மடிப்புத் தளர்ந்தால் குடலில் வைரஸ் எப்படியோ பெருகும், நரம்புக் கலத்தில் திணறும்.

சிக்கல் என்னவென்றால், குடலில் பெருகும்போதே ஏ மறுபடி ஜி ஆகிவிடும். தடுப்பு மருந்து பலருக்குக் கிடைக்காத ஊரில் இது ஆளுக்கு ஆள் தொற்றி, கடைசியில் வாதத்தையே உண்டாக்கலாம்.

இதைத் தடுக்க உருவாக்கிய புது இரண்டாம் வகை மருந்தில் அந்த மடிப்பையே மாற்றி எழுதினார்கள். ஜி–சி பிடி இறுக்கம். ஏ–யு பிடி தளர்வு. பழைய மடிப்பில் ஓர் எழுத்து தவறினாலே பிடி இறுகிவிடும். புதியதில் ஏ–யு, யு–ஏ சோடிகளாக அடுக்கியிருப்பதால், இறுக வேண்டுமென்றால் எதிரெதிரே இருக்கும் இரண்டு எழுத்தும் ஒன்றாக மாறவேண்டும். ஒன்று மட்டும் மாறினால் பிடி இன்னும் தளரும். கெட்டிக்காரத்தனம்! போதாதென்று, வைரஸின் நகலெடுக்கும் நொதியையும் பிழை குறைவாக விடும்படி திருத்தினார்கள். 2021இல் இது பாவனைக்கு வந்தது.

இன்னொரு வழியும் உண்டு. ‘தண்ணி கொண்டா’ என்றால் பொடியன் ஓடுவான். ‘தண்ணி கொணர்க’ என்றால் பொருள் அதேதான், ஆனால் ஒரு கணம் முழிப்பான். 2008இல் அமெரிக்காவில் வைரஸ் ஆய்வாளர் எக்கார்ட் விம்மரின் குழு போலியோவை இப்படித்தான் எழுதியது: புரதம் மாறவில்லை, ஆனால் மும்மூன்று எழுத்தாலான மரபுச் சொற்களில் ஒன்றோடொன்று சேராதவை நூற்றுக்கணக்கில் பக்கம்பக்கமாக. கலம் தடுமாற, வைரஸ் தளர்ந்தது. அத்தனையையும் திருத்திக்கொண்டு பழையபடி ஆவது லேசில்லை.

2016இலிருந்து இலங்கையில் கொடுக்கும் சொட்டில் இரண்டாம் வகை இல்லை. மருமகள் துப்பியது சேபினின் ஒன்றும் மூன்றும். பிள்ளையின் மலத்தில் சில கிழமைக்கு அவை வெளியேறும் என்பதால், அணையாடை மாற்றினால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லித் தங்கச்சியிடம் சொன்னேன். “அது எப்பவும் செய்யிறதுதானே அண்ணா” என்றாள்.