பக்கத்து ஊருக்கு ஏன் வரல?

ஒரே தெருவுல நாலு பேருக்கு கேன்சர்னு கேள்விப்பட்டா நம்ம வாயில முதல்ல வர்றது "தண்ணிதான் சரியில்ல"ங்கறதுதான். இருக்கலாம். ஆனா ஒரு கை பொரியை அள்ளி டைல்ஸ் தரையில வீசிப் பாருங்க, ஒரு டைல்ல எட்டு கிடக்கும், பக்கத்து டைல் காலியா இருக்கும், அதுக்காக எட்டு விழுந்த டைல்ல ஏதோ காந்தம் இருக்குன்னு சொல்லிடுவோமா? பொரி விழுந்தப்புறம் குமிஞ்ச இடமா பாத்து சாக்பீஸ்ல வட்டம் போட்டா எல்லா வட்டமும் சந்தேகமாத்தான் தெரியும். அமெரிக்காவுல 1990க்கு அப்புறம் நடந்த இந்த மாதிரி 428 விசாரணைய 2012ல சேத்து வச்சுப் பாத்தாங்க, தெளிவா காரணம் பிடிபட்டது ஒண்ணே ஒண்ணுல.

காரணம் பிடிபட்ட வேற ஒரு கேஸ் துருக்கியில இருக்கு. கப்படோக்கியா பக்கம் காரெய்ன்னு ஒரு குட்டி ஊர், 1970கள்ல டாக்டர் இஸ்ஸெத்தின் பாரிஷ் அங்க போய்ப் பாத்தா சாவுல கிட்டத்தட்ட பாதி மீசோதெலியோமா. நுரையீரலைச் சுத்தி இருக்குற மெல்லிய உறையில வர்ற கேன்சர் இது, ஆஸ்பெஸ்டாஸ் புழங்காத இடத்துல பத்து லட்சம் பேர்ல வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்கு வந்தாலே பெருசு, அதனால இதைத் தற்செயல்னு ஒதுக்க முடியல. ஆஸ்பெஸ்டாஸ்தான் வழக்கமான குற்றவாளி, ஆனா இந்த ஊர்ல ஆஸ்பெஸ்டாஸ் வேலை செஞ்ச ஆளே கிடையாது.

துப்பு கொடுத்தது கார்லிக்னு பக்கத்து ஊர். சில கிலோமீட்டர்தான் தூரம், அதே விவசாயம், அதே வெயில், ஆனா அங்க இந்த நோயே இல்ல. அப்போ ரெண்டு ஊருக்கும் நடுவுல எது வேறன்னு தேடினாங்க. கடைசில மாட்டுனது கல்லு! காரெய்ன்ல எரிமலைச் சாம்பல் இறுகுன மெத்துன கல்லை வெட்டித்தான் வீடு கட்டுவாங்க, அதுக்குள்ள எரியோனைட்னு ஒரு கனிமம், கண்ணுக்கே தெரியாத ஊசி ஊசியான நார். சுவத்தை சொரண்டினா, வாசலைப் பெருக்கினா அந்தத் தூசி மூச்சுக்குள்ள போயிடும், போனது கரையாம உள்ளயே தங்கிடும், நோய் தலைகாட்ட முப்பது நாப்பது வருஷம் ஆகும்.

இது சந்தேகம்தானே, நிரூபணம் எங்கன்னு கேக்கலாம். 1985ல எரியோனைட் தூசியை எலிகளைச் சுவாசிக்க விட்டாங்க, 28ல 27க்கு மீசோதெலியோமா. அந்த ஊர்லேருந்து ஸ்வீடனுக்கு பொழைக்கப் போனவங்களுக்கும் அங்க போய் பல வருஷம் கழிச்சு அதே நோய் வந்துச்சு. 1987ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் அமைப்பு மனுஷனுக்கு கேன்சர் உண்டாக்குறது இதுன்னு எரியோனைட்டை முதல் பட்டியல்லயே போட்டுச்சு.