எம்.சி. என்றால் அயர்லாந்து என்று யார் சொன்னது?

சென்னை மாகாணத்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளில் பிரிட்டிஷ் மூதாதையரைத் தேடும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், பெரும்பாலும் ஒரு முடிவைக் கையோடு கொண்டுவருகின்றன: குடும்பப்பெயர் எம், ஏ, சி (Mac, ‘மாக்’) என்று தொடங்கினால் ஸ்காட்லாந்து, நடுவில் ‘ஏ’ இல்லாமல் எம்.சி. (Mc) என்று தொடங்கினால் அயர்லாந்து. அண்மையில் என்னிடம் வந்த ஒரு குடும்பம் இதை நம்பி, எழுத்து வேறாக இருந்ததால் கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவையே ‘நம்முடையதல்ல’ என்று ஒதுக்கிவைத்திருந்தது. இனியும் பொறுமையாக இருக்க என்னால் முடியவில்லை.

அப்படியொரு விதியே கிடையாது. ‘மாக்’ என்றால் மகன். அயர்லாந்தின் கேலிக் மொழிக்கும் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிக்கும் அது பொதுச்சொல். எம்.சி. அதன் சுருக்கம் மட்டுமே. எழுத்து, பெயருக்கு உரியவரின் விருப்பமன்று. பதிவேட்டில் எழுதிய பாதிரியாரின் பழக்கம். ஒரே தம்பதியின் மூத்த பிள்ளைக்கு ‘ஏ’ இருக்கும், அடுத்த பிள்ளைக்கு இருக்காது, கடைசிப் பிள்ளைக்கு ‘எம்’முக்குப் பக்கத்தில் தலைகீழான காற்புள்ளி மட்டும் இருக்கும். அந்தக் காற்புள்ளியும் ‘சி’க்குப் பதிலாக நிற்பதுதான், பெயரட்டவணைகளில் அது தனி வரிசைக்குப் போய்விடுவதால் பலர் கண்ணில் படுவதில்லை.

‘இன்னாரின் மகன்’ என்று பொருள்படும் முன்னொட்டான ‘ஃபிட்ஸ்’ (Fitz) என்றாலே முறைகேடான பிறப்பு என்று வெட்கப்படுவோரும் உண்டு. 1519இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த ஹென்றி ஃபிட்ஸ்ராய் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அயர்லாந்தின் ஃபிட்ஸ்ஜெரால்டு வம்சம் விண்ட்சர் ஜெரால்டின் முறையான புதல்வர்களிலிருந்து வந்தது. அயர்லாந்துப் பெயர்களில் ‘வழிவந்தவர்’ என்று பொருள்படும் முன்னொட்டான ‘ஓ’வை (O') ஆங்கிலேய ஆட்சியில் பலர் கைவிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலர் மீண்டும் சேர்த்துக்கொண்டனர், ஆகவே இரண்டு வடிவங்களிலும் தேட வேண்டும்.

வேல்ஸ் வழக்கம் நமக்கு எளிதில் விளங்கும். தந்தை பெயரை நாம் முதலெழுத்தாக வைப்பதுபோல அவர்கள் ‘மகன்’ என்று பொருள்படும் ‘ஆப்’ சேர்த்து வைத்தனர். ஆப் ஹவெல் பின்னர் பவல் ஆயிற்று, ஆப் ரீஸ் பிரைஸ் ஆயிற்று. ஹவெல் என்ற தந்தையர் ஏராளம் என்பதால், இரண்டு பவல் குடும்பங்கள் உறவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

தயவுசெய்து, முன்னொட்டை நீக்கியும் ஒருமுறை தேடுங்கள். பதிவில் கண்ட எழுத்தை ‘திருத்தாமல்’ அப்படியே படியெடுங்கள். ஸ்காட்லாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு 1855இலும், அயர்லாந்தில் 1864இலும்தான் தொடங்கியது. அதற்கு முற்பட்ட மூதாதையர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைவீரராக இருந்தால், ஆள்சேர்ப்புப் பதிவேட்டில் பிறந்த ஊர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாட்டைத் தீர்மானிக்க வேண்டியது அந்த ஊர்தான்.