ஒரு கவை, இரண்டு சுருதி

இசைக்கவையை (சுருதி சேர்க்கப் பயன்படும் இரு முனை உலோகக் கவையை) தட்டி வலக்காதருகே பிடித்தால் ஒரு சுருதி, இடக்காதருகே பிடித்தால் சற்று ஏறிய சுருதி. பழுது கவையிலா, என்னிடமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கவை பாவம், அது 440 ஹெர்ட்ஸில்தான் அதிர்கிறது.

செவிப்பறை, சிற்றெலும்புகள் எல்லாம் பள்ளியில் படித்தவை. நேரே உட்செவியின் நத்தைக்கூட்டுக்குள் போய்விடுவோம். இரண்டரைச் சுற்றுச் சுருளுக்குள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சவ்வு ஓடுகிறது. வாசலருகே அது குறுகி விறைப்பாக இருக்கும்; உச்சியை நெருங்க நெருங்க அகன்று தளரும். கீச்சொலி வாசலிலேயே ஓய்ந்துவிடும், கட்டைக்குரல் உச்சிவரை போய் அங்கேதான் சவ்வைப் பலமாக ஆட்டும். சவ்வின்மேல் வரிசையாக இருப்பவை மயிரணுக்கள், ஒலியை உணரும் செல்கள். எந்த இடத்து மயிரணு ஆடியது என்பதை வைத்தே மூளை சுருதியைப் பெரும்பாலும் கணிக்கிறது. பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இந்தச் சவ்வில் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை! பிணங்களின் காதுகளில் சவ்வில் ஓடும் இந்த ஒலி அலையைக் கண்ணால் பார்த்த ஹங்கேரிய விஞ்ஞானி பேகேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு பொறுமையான வேலைக்கு இன்று யார் நிதி தருவார்கள் என்று தெரியவில்லை.

மயிரணுக்களின் மேல்புறத்தை நனைப்பது பொட்டாசியம் மிகுந்த அகநிணநீர் என்ற திரவம். வாசகருக்குக் கேட்பதுபோல் காதுக்கொரு சுருதி கேட்க ஒரு காரணம் மெனியர் நோய் என்ற உட்செவிக் கோளாறு; அதில் இந்த நீர் அளவுமீறித் தேங்குகிறது. மேலே கூரைபோல் இருக்கும் மெல்லிய சவ்வு பலூனாகப் புடைக்கிறது. தளர்வான உச்சிப்பகுதிதான் முதலில் அவதிப்படும். அதனால் தொடக்கத்தில் தாழ்ந்த ஒலிகளே மங்குகின்றன. சவ்வின் இறுக்கமும் ஆட்டமும் மாறுவதால் அதே 440 ஹெர்ட்ஸ் பக்கத்து இடத்தை உலுக்குகிறது, மூளையோ பழைய வரைபடத்தையே நம்பி வேறு சுருதி சொல்கிறது என்பது ஒரு விளக்கம்.

காதடைப்பு, இரைச்சல், தலைசுற்றல் ஆகியவையும் கூடவே வரும். தலைசுற்றலின் காரணம் மூளையில் அல்ல, உட்செவியில் இருக்கக்கூடும் என்று பிரெஞ்சு மருத்துவர் புரோஸ்பர் மெனியர் 1861இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. இன்றும் காதில் எண்ணெய் விடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செவிப்பறை ஓட்டையில்லாமல் இருந்தால் அந்த எண்ணெய் நடுச்செவியைக்கூடத் தொடாது.

இரைச்சலால் மயிரணு சேதமானாலும் இரட்டைச் சுருதி கேட்கலாம். ஆகவே வாசகர் காது மருத்துவரிடம் போய் இரண்டு காதுகளுக்கும் தனித்தனியே கேட்டல் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஒருமுறை போதாது: மெனியர் நோயில் அகநிணநீர் ஏறும், வடியும். இன்று விலகி ஒலிக்கும் காது அடுத்த வாரம் கவையோடு ஒத்துப்போகலாம்.